போனஸ் அண்ணையின் தவக்காலம்

ஐந்து டொலர் சும்மா கிடைக்கிறது என்பதற்காக ஒரு முழு சோபாவை வாங்கிய மனிதர் மொன்றியலில் ஒருவர்தான் இருக்கிறார். கனடா முழுவதிலுமே அவர் ஒருவர்தான் என்று சொல்வேன். ரொறன்ரோ வாசகர்கள் கோபிக்கக்கூடாது. உங்கள் ஊரிலும் பெரிய பெரிய ஆட்கள் இருக்கலாம். எங்கள் போனஸ் அண்ணைக்குப் பக்கத்தில் அவர்கள் நிற்க ஏலாது.

மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில், லொங்குய்யில் யன்னல் திரைகள் விற்கும் ஒரு சின்னக் கம்பனியில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். நான் முன்னால் இருந்து போன் எடுப்பேன். அவர் பின்னால் களஞ்சியத்தில் திரைகளைச் சுருட்டிப் பெட்டியில் அடைத்து அனுப்புவார். இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி அறைக்குள் கணக்குப் பார்ப்பவ றீற்றா அக்கா. போனஸ் அண்ணைக்கும் அம்மா அப்பா வைத்த ஒரு பெயர் இருந்தது. சம்பளம் போடுகிற றீற்றா அக்காவுக்கு அது வடிவாகத் தெரியும். ஆனால் அவவே அவரைப் போனஸ் அண்ணை என்றுதான் கூப்பிடுவா.

காலையில் வந்து, குளிர்ச் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் நின்று அறிவிப்பார்.

"தங்கச்சி, போனஸ் விழுந்திட்டுது!"

ஒரு மார்கழி மாதம் அவர் இப்படிக் கத்தியபோது முதலாளி அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். முதலாளி பிரெஞ்சுக்காரர், தமிழ் தெரியாது. ஆனால் 'போனஸ்' என்ற சொல் உலகத்தில் எந்த முதலாளிக்கும் விளங்கும். ஆட்கள் வருஷக் கடைசிக் காசு கேட்டுக் கிளம்பிவிட்டார்கள் என்று பயந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த நாள் மேசையில் எல்லாருக்கும் டோனட் வைத்திருந்தது.

"பாத்தீரோ தங்கச்சி, போனஸ் எண்டு சொன்னாலே ஏதோ ஒண்டு விழுது" என்றார் அண்ணை, வாயில் சீனியோடு.

அண்ணையின் போனஸ் சம்பளத்தில் வருவதல்ல, மெயிலில் வருவது. இணையக் கடைகள் அனுப்புகிற அந்த மெயில்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். இந்தக் கிழமைக்குள் இவ்வளவுக்கு மேல் வாங்கினால் ஐந்து டொலர் கிஃப்ட் காட், பரிசு அட்டை, சும்மா. அந்தக் காட்டை உடனே பாவிக்க முடியாது. அடுத்த முறை வாங்கும்போதுதான் பாவிக்கலாம். அதுவும் ஒரு திகதிக்குள் பாவித்து முடிக்கவேண்டும். நானும் நீங்களும் அதை அழித்துவிட்டு அடுப்பில் வைத்த கறியைப் பார்க்கப் போவோம். போனஸ் அண்ணை அதைக் கலியாண அழைப்பிதழ் மாதிரி இரண்டு கையாலும் வாங்குவார். அழைத்தவர்கள் மனம் நோகக்கூடாது என்று கட்டாயம் போயும் வருவார்.

சோபாவும் அப்படி வந்ததுதான். உண்மையில் அவருக்குத் தேவைப்பட்டது ஒரு மேசை விளக்கு. பழைய விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியிருந்தது. புதிய விளக்கொன்றைத் தெரிந்து கூடைக்குள் போட்டார். உடனே திரையில் ஒரு வரி எழும்பி வந்தது: இன்னும் கொஞ்சம் வாங்கினால் ஐந்து டொலர் காட். கொஞ்சம்தானே என்று ஒரு கம்பளத்தைப் போட்டார். கம்பளம் சேராதாம், தளபாடம் மட்டும்தான் சேருமாம். தளபாடத்தில் ஆக மலிவானது ஒரு முக்காலி. அது விற்று முடிந்துவிட்டதாம். அதற்கு மேலே போனால் கதிரை. கதிரையில் சிவப்பு நிறம்தான் இருக்கிறதாம். இப்படியே படி ஏறி ஏறி சோபாவில் வந்து நின்றார். ஐந்து டொலர் காட்டும் வந்தது. விளக்கை வாங்க மறந்துபோனார்.

சோபா வந்து இறங்கிய சனிக்கிழமை எனக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, அவரையும் கூட்டிக்கொண்டு ஒருக்கா இஞ்ச வாறீரோ? சோபா வந்திட்டுது."

"நல்லதண்ணை. எப்பிடி இருக்கு?"

"இருக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனால் குளிருது."

அவர் குடியிருப்பது பார்க் எக்ஸில், மாடி வீட்டில். வெளியில் வளைந்து வளைந்து ஏறுகிற இரும்புப் படி. பனிக்காலத்தில் வெறுங்கையோடு அதில் ஏறுவதே ஒரு வித்தை. சாமான் கொண்டுவந்த பொடியன்கள் படியைப் பார்த்தார்கள், சோபாவைப் பார்த்தார்கள், "நோன் மிஸ்யூ", முடியாது ஐயா, என்று சொல்லிவிட்டு நடைபாதையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நானும் என் கணவரும் போய் இறங்கும்போது பனி கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணை கம்பளித் தொப்பியும் கையுறையும் போட்டு, நடைபாதையில் அந்த சோபாவின் நடுவில் இருந்து, போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார். அந்த இடம் ஒரு பஸ் தரிப்பிடம். அவருக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாபி அம்மா வசதியாக இருந்தா. மற்றப் பக்கத்தில் பல்கலைக்கழகப் பிள்ளை ஒன்று காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. பஸ் வந்தபோது அந்த அம்மா எழும்ப மனமில்லாமல்தான் எழும்பினா.

என் கணவர் படியையும் சோபாவையும் அளந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரக் கிழவர் தன் குண்டு நாயோடு வெளியே வந்து பார்த்தார். பனியில் நனைந்தால் பழுதாகிவிடும், இன்றைக்கு மட்டும் என் வீட்டுக்குள் வையுங்கள் என்று பிரெஞ்சில் சொன்னார். நாங்கள் தூக்கி வைத்தோம். அந்த இன்றைக்கு இன்னும் முடியவில்லை. போனஸ் அண்ணை சனிக்கிழமைகளில் கீழே இறங்கி, கதவைத் தட்டி, தன்னுடைய சோபாவில் விருந்தாளியாக இருந்து ஹொக்கி பார்த்துவிட்டு வருவார்.

சோபா போகட்டும், அதற்குக் கிடைத்த ஐந்து டொலர் காட் கையில் இருக்கிறதே. மாத முடிவுக்குள் அதைச் செலவழித்தாகவேண்டும். ஏதோ தேடித் தேடி, கடைசி நாளில் நாய்க்கு ஒரு மழைக்கோட் வாங்கினார். அவரிடம் நாய் இல்லை. மழைக்கோட் வந்த பிறகுதான் நாய் தேடினார். கீழ்வீட்டுக் குண்டு நாய்க்கு அது கழுத்தைத் தாண்டவில்லை. திருப்பி அனுப்பினார். திருப்பின காசு காசாக வரவில்லை, இன்னொரு கிஃப்ட் காட்டாக வந்தது. கூடவே சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று ஒரு ஐந்து டொலர்.

"பாத்தீரோ, என்ன மரியாதை!" என்றார்.

இந்தக் கதைகளெல்லாம் அரங்கேறுவது எங்கள் மதியச் சாப்பாட்டு மேசையில். மைக்ரோவேவுக்குப் பக்கத்தில், களஞ்சியக் கதவோடு ஒட்டி ஒரு மேசை. அண்ணை ஒரு பக்கம். அவருக்கு நேர் எதிரே றீற்றா அக்கா. நான் நடுவில், டென்னிஸ் பார்க்கிற ஆள் மாதிரி.

றீற்றா அக்கா மன்னார்க்காரி. கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பா. தாயைக் கடைசிவரை பார்த்ததில் கலியாணம் தள்ளிப்போய், பிறகு அதைப்பற்றி ஒருவரும் கேட்காமல் விட்டுவிட்டார்கள். பழைய ஐஸ்கிறீம் டப்பாவில்தான் சாப்பாடு கொண்டுவருவா. வாங்கிய எந்தச் சாமானையும் அது கையோடு தேய்ந்து போகும்வரை பாவிப்பா. போனஸ் அண்ணை ஒரு வெற்றிச் செய்தியோடு வந்து இருந்தால் போதும், அவ கரண்டியைக் கீழே வைத்துவிடுவா.

"அண்ணை, ஒரு விஷயம் கேக்கிறன். அந்த ஐஞ்சு டொலர் கிடைக்காட்டி அந்தச் சாமானை வாங்கியிருப்பீங்களோ?"

"இல்லை."

"பேந்து எப்பிடி அது லாபம்? வாங்க இருந்த சாமானுக்கு அவன் ஐஞ்சு டொலர் தந்தால் சந்தோசமாய் வாங்கி வையுங்கோ. நான் வேண்டாமெண்டே சொல்லுறன்? ஐஞ்சு டொலர் தாறான் எண்டதுக்காகச் சாமான் வாங்கினால், அவன் உங்களுக்குத் தரேல்லை. நீங்கள் அவனுக்குக் குடுக்கிறீங்கள்."

"அது உங்கட கணக்கு, றீற்றா. எல்லாத்தையும் கழிச்சுக் கூட்டிப் பாத்தால் மனுசர் பிறந்ததே நட்டம்தான்."

"கதையை மாத்தாதேங்கோ. ஒரு உருளைக்கிழங்கு சீவுற கத்தி வாங்கினீங்கள், அதுக்குக் காட் கிடைச்சுது. காட்டை முடிக்க இன்னொரு கத்தி வாங்கினீங்கள். உங்கட வீட்டில இருக்கிறது ஒரு ஆள்!"

"ரெண்டு கை இருக்கெல்லோ" என்றார் அண்ணை.

எனக்குப் புரைக்கேறி, தண்ணீர் குடித்துத்தான் தப்பினேன்.

ஒருமுறை அவருடைய சொல்லை நம்பி நானும் இறங்கினேன். எனக்கு உண்மையாகவே ஒரு குக்கர் தேவைப்பட்டது. வாங்கினேன், காட் வந்தது, சந்தோசமாக இருந்தது. நல்ல சாமானாகப் பார்த்து வாங்குவோம் என்று பத்திரமாக வைத்திருந்தேன். ஒருநாள் மகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் போனைப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினாள். "எக்ஸ்பிரே, அம்மா." திகதி முடிந்துவிட்டதாம்.

மேசையில் இதைச் சொன்னதும் றீற்றா அக்கா அண்ணையைப் பார்த்தா. அண்ணை என்னைப் பார்த்தார்.

"நீர் திகதியைப் பாக்கேல்லை, தங்கச்சி. அது அவையின்ர பிழையில்லை" என்றார், தன் சொந்தக்காரரை விட்டுக்கொடுக்காதவர் மாதிரி.

அன்றைக்கு றீற்றா அக்கா கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டா. "அண்ணை, அந்தக் கடைக்காரர் உங்களுக்கு ஆர்? மாமனோ மச்சானோ? ஏன் இப்பிடி அவையைத் தாங்குறீங்கள்?"

 போனஸ் அண்ணை சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்கினார்.

"றீற்றா, நான் இந்த ஊருக்கு வந்து இவ்வளவு காலம். வேலை செய்தன், சம்பளம் தந்தாங்கள். வாடகை குடுத்தன், வீடு தந்தாங்கள். சும்மா ஒருத்தரும் ஒண்டும் தந்ததில்லை. நானும் கேக்கேல்லை. இவங்கள் தாறது ஐஞ்சு டொலர்தான். எண்டாலும், 'உங்களுக்கு ஒரு பரிசு இருக்கு' எண்டு என்ர பேரைப் போட்டு எழுதுறாங்கள்."

"அது கம்பியூட்டர் எழுதுறது, அண்ணை."

"தெரியும்" என்றார் அவர்.

றீற்றா அக்கா தன் டப்பாவிலிருந்து ஒரு மீன் கட்லட்டை எடுத்து அவருடைய மூடியில் வைத்தா.  அதற்குப் பிறகு அண்ணை கத்தரிக்காய்க் குழம்பு கொஞ்சம் கூடுதலாகக் கொண்டுவரத் தொடங்கினார். "மிஞ்சிப்போச்சு" என்பார். கிழமையில் எல்லா நாளும் எப்படி மிஞ்சும் என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள் றீற்றா அக்கா காய்ச்சல் என்று வரவில்லை. அண்ணை சாப்பாட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், கைகழுவப் போனார்.

"என்னண்ணை, இண்டைக்கு ஒரு போனஸும் விழேல்லையோ?"

"விழுந்ததுதான். றீற்றா இல்லாமல் அதைச் சொல்லி என்ன பிரயோசனம்?"

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அவருக்கே அப்போதுதான் விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். கைகழுவும் இடத்தில் தண்ணீரைத் திறந்தபடியே நெடுநேரம் நின்றார்.

வேலை முடிந்து நாங்கள் மூன்று பேரும் லொங்குய்யிலிருந்து மெற்றோ எடுப்போம். மஞ்சள் பாதை. ஆற்றுக்கு அடியால் போகிறது. நடுவில் தீவில் ஒரு தரிப்பிடம், அடுத்தது பெர்ரி, அவ்வளவுதான் பாதை. பெர்ரியில் இறங்கி ஆளாளுக்கு வேறு வேறு ரயில் எடுக்கவேண்டும். எதையாவது சொல்ல நினைக்கிற மனிதருக்கு அது போதாத பாதை.

மாசிமாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. ரயில் ஆற்றுக்கு அடியில் இரைந்துகொண்டு போனது. போனஸ் அண்ணை கம்பியைப் பிடித்தபடி, றீற்றா அக்காவின் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார்.

"என்ன?" என்றா றீற்றா அக்கா.

"கலியாணம்!" என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"ஆரின்ர கலியாணம்?"

ரயில் சட்டென்று தீவுத் தரிப்பிடத்தில் நின்றது. இரைச்சல் அடங்கியது. அண்ணை இரைச்சலுக்குத் தக்கபடி மூச்சை எடுத்துவிட்டார். அதை நிறுத்த நேரமில்லை.

"எங்கட!"

பெட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஒருவருக்கும் தமிழ் தெரியாவிட்டாலும் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எதிரே இருந்த ஒரு பிரெஞ்சு அம்மா மடியில் கிடந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு வசதியாகப் பார்க்கத் தொடங்கினா. றீற்றா அக்கா தன் கைப்பையின் சிப்பைத் திறந்தா, மூடினா, திறந்தா. ரயில் திரும்ப வெளிக்கிட்டதும் நான் யன்னல் வழியாகச் சுரங்கத்தின் இருட்டை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெர்ரி வந்ததும் றீற்றா அக்கா இறங்கினா. திரும்பி, "நாளைக்குச் சொல்லுறன், அண்ணை" என்றா.

"அண்ணை எண்டிட்டா, தங்கச்சி" என்றார் அவர், என்னிடம், மெதுவாக.

"எல்லாரும் அப்பிடித்தானே கூப்பிடுறம்."

"அதுதானே" என்றார். ஆனால் முகம் தெளியவில்லை.

அடுத்த நாள் விபூதிப் புதன். கத்தோலிக்கருக்குத் தவக்காலம் தொடங்கும் நாள். றீற்றா அக்கா காலையில் கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தா. போனஸ் அண்ணை வழக்கம்போல மூன்று குறி திருநீறோடு வந்தார். முதலாளி இரண்டு நெற்றியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஏதும் தமிழருடைய பண்டிகையா என்று என்னிடம் கேட்டார். "கொஞ்சம் பொறுத்துத்தான் சொல்லலாம்" என்றேன்.

சாப்பாட்டு மேசையில் றீற்றா அக்கா நேராக விஷயத்துக்கு வந்தா.

"உங்கட சமயம் எனக்குப் பிரச்சினை இல்லை. வயசும் பிரச்சினை இல்லை. உங்கட வீட்டுக்குள்ள வந்தால் என்ர ரெண்டு காலையும் எங்க வைக்கிறது எண்டதுதான் பிரச்சினை. ஒரு மெயில் வந்தால் நீங்கள் எழும்பி அதுக்குப் பின்னால போறீங்கள். நான் கூப்பிட்டால் ஆர் வருவினம்?"

"நான் வருவன்."

"இண்டையில இருந்து தவக்காலம் முடியிற உயிர்த்த ஞாயிறு மட்டும் நான் இனிப்பு விடுறன். நீங்கள் உந்தக் காட்டுகளை விடுங்கோ. ஒண்டும் எடுக்கவும் கூடாது, இருக்கிறதைப் பாவிக்கவும் கூடாது. அதுக்குப் பிறகு கதைப்பம்."

போனஸ் அண்ணை நெற்றியைத் தடவினார். திருநீறு கையில் வந்தது.

"சம்மதம்" என்றார்.

தவக்காலத்தில் இறைச்சியை விட்டவர்களைக் கண்டிருக்கிறேன், சிகரெட்டை விட்டவர்களைக் கண்டிருக்கிறேன். கிஃப்ட் காட்டை விட்டவரை, அதுவும் ஒரு சைவ சமயக்காரரை, நான் அதற்கு முன்னும் காணவில்லை, பிறகும் காணவில்லை. இரண்டாம் நாளே சந்தேகத்தோடு வந்தார். தவக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் நோன்புக் கணக்கில் சேராது என்று எங்கேயோ வாசித்தாராம்.

"அதெல்லாம் பிறந்து ஞானஸ்நானம் எடுத்தவைக்கு" என்றா றீற்றா அக்கா. "உங்களுக்கு ஞாயிறும் நோன்புதான்."

முதல் கிழமை சமாளித்தார். இரண்டாம் கிழமையிலிருந்து கடைக்காரர் தேடத் தொடங்கினார்கள். அவரைக் காணாமல் கவலையாக இருக்கிறது என்று ஒரு மெயில். என்ன குறை விட்டோம் என்று இன்னொன்று.

"பாவங்கள், தங்கச்சி. தேடுறாங்கள்."

"தேடட்டும், அண்ணை."

பிறகு ஐந்து டொலர் பத்தானது. பத்து பதினைந்தானது. காலையில் வந்ததும் போனை என்னிடம் தந்துவிட்டு, பின்னேரம் வாங்கிக்கொண்டு போகத் தொடங்கினார். ஒருநாள் களஞ்சியத்திலிருந்து ஓடி வந்தார், கண் விரிந்திருந்தது.

"தங்கச்சி, ஒரு விஷயம் பிடிபட்டிருக்கு. நான் வாங்கேக்கை ஐஞ்சுதான் தந்தாங்கள். வாங்காமல் இருந்தால்தான் கூடத் தாறாங்கள்!"

"அதைத்தானே றீற்றா அக்கா இவ்வளவு காலமும் சொன்னவ."

"அவ இப்பிடி விளங்கச் சொல்லேல்லை" என்றார்.

அவரிடம் மிச்சமாக இருந்த பழைய காட் ஒன்று தவக்காலத்தின் நடுவில் காலாவதியானது. அன்றைக்கு சாப்பாட்டு மேசையில் றீற்றா அக்கா அவரை ஓரக்கண்ணால் பார்த்தா. "கஷ்டமாய் இருக்கோ?" என்று கேட்டா. அவர் ஓம் என்று தலையாட்டினார். "எனக்கும் சொக்லெட் இல்லாமல் தலையிடிக்குது" என்றா அவ. இருவரும் ஒரே வருத்தம் பிடித்த நோயாளிகள் மாதிரி இருந்து சாப்பிட்டார்கள்.

பங்குனியில் உறைமழை பெய்தது. விழுகிற துளி விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகிவிடும் மழை. றீற்றா அக்கா கோட்-டெ-நேஜில் தன் வீட்டு வாசலிலேயே சறுக்கி விழுந்து கணுக்கால் சுளுக்கிப்போனா. எலும்பு முறியவில்லை. ஒரு கிழமை ஓய்வு, திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்றார்கள். செய்தி கேட்டதும் போனஸ் அண்ணை என்னிடம் ஓடி வந்தார்.

"திங்களும் ஐஸ் இருக்கும், தங்கச்சி. அவ தேய்ஞ்ச சப்பாத்தோட வருவா. மற்றக் காலையும் உடைப்பா."

சப்பாத்துக்குக் கீழே மாட்டுகிற இரும்புப் பல்லு வரும், தெரிந்திருக்கும். ரப்பரில் இழுத்துக் கொளுவினால் ஐஸில் பிடித்துக்கொண்டு நடக்கலாம். அவர் என்னிடம் போனை வாங்கி, அந்தக் கடையில் அதைத் தேடி எடுத்தார். நாளைக்கே வீட்டு வாசலில் வந்து விழுமாம். அமத்தப்போன விரல் நின்றுவிட்டது.

"இதை வாங்கினால் காட் தருவாங்கள்."

"வேண்டாமெண்டு விடுங்கோ."

"வேண்டாமெண்டாலும் தானாய் வரும், தங்கச்சி! நிப்பாட்ட வழியில்லை. வாக்குக் குடுத்தனான்."

"அண்ணை, இது றீற்றா அக்காவுக்கு. அவ ஒண்டும் சொல்லமாட்டா."

"சொல்லமாட்டா. ஆனால் எனக்குத் தெரியுமெல்லோ."

சனிக்கிழமை நான் சூப் கொண்டு றீற்றா அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். வெளியே திரும்பவும் உறைமழை. மரக்கிளைகள் ஐஸின் பாரம் தாங்காமல் முறிந்து கிடந்தன. கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் போனஸ் அண்ணை. டவுன்டவுனில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்கு நேரே போய் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். காற்சட்டை இரண்டு முழங்காலிலும் நனைந்து, ஒரு முழங்கையில் குளிர்ச் சட்டை கிழிந்து பஞ்சு தெரிந்தது.

றீற்றா அக்கா காலைத் தலையணையில் வைத்தபடி பையை வாங்கித் திறந்து பார்த்தா.

"உங்களுக்கு வாங்கேல்லையோ?"

"ஒரு சோடிதான் மிச்சம் இருந்தது."

"விழுந்தனீங்களோ?"

"சின்னனாய்."

"சின்னனாய் எண்டால்?"

"போகேக்கை ஒருக்கா. வரேக்கை ஒருக்கா."

றீற்றா அக்கா அந்த இரும்புப் பல்லைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு, கணக்குப் பார்க்கிற தன் குரலில் கேட்டா.

"இதுக்கு என்ன போனஸ் கிடைச்சது?"

"ஒண்டும் இல்லை."

"மலிவு விலையோ?"

"முழு விலை. கடைக்காரப் பிள்ளை புள்ளி சேர்க்கிற காட் இருக்கோ எண்டு கேட்டது. நோன் எண்டு சொல்லிட்டன். கொஞ்சம் பலத்துச் சொல்லிட்டன் போல, பயந்திட்டுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பைக்குக்கூடக் காசு எடுத்தவங்கள்" என்றார். அதைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

றீற்றா அக்கா சிரிக்கத் தொடங்கினா. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தா. நான் சூப்பைச் சூடாக்கப் போகிறேன் என்று குசினிக்குள் போய், சூடாக இருந்த சூப்பைத் திரும்பவும் சூடாக்கினேன்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து, விடுமுறையும் முடிந்து நாங்கள் வேலைக்குப் போன நாள். சாப்பாட்டு நேரம். நான் மேசையில் இருக்கிறேன். முதலாளியும் கோப்பிக்காக வந்து நிற்கிறார். றீற்றா அக்கா களஞ்சியக் கதவைத் திறந்து உள்ளே பார்த்துக் கூப்பிட்டா.

"போனஸ், சாப்பிட வாங்கோ."

உள்ளே ஒரு பெட்டி விழுந்த சத்தம் கேட்டது. எனக்கும் ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை, பிறகுதான் பிடிபட்டது. 'அண்ணை' இல்லை! அத்தனை வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்த அண்ணையைக் கழற்றி எறிந்துவிட்டா. போனஸ் அண்ணை கதவருகில் வந்து நின்றார். கையில் ஒட்டும் நாடா தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னெண்டு கூப்பிட்டனீங்கள்?"

"காது கேக்கேல்லையோ? குழம்பு ஆறப்போகுது" என்றா, டப்பாவைத் திறந்தபடி. காது இரண்டும் சிவந்திருந்தன.

முதலாளி என்ன நடந்தது என்று கேட்டார். இன்றைக்குத்தான் பண்டிகை என்று சொன்னேன். அடுத்த நாள் திரும்பவும் டோனட் வந்தது. றீற்றா அக்கா இரண்டு எடுத்தா.

கலியாணம் கோடையில் நடந்தது. காலையில் பிள்ளையார் கோயில், பின்னேரம் தேவாலயத்தில் ஆசீர்வாதம். இரண்டு இடத்திலும் பாயாசம். மாப்பிள்ளைத் தோழராகக் கீழ்வீட்டுக் கிழவர் வேட்டி கட்டி வந்து, ஒரு கையால் அதைப் பிடித்தபடியே நாள் முழுவதும் நின்றார். வீட்டில் இனிமேல் சாமான் வைக்க இடமில்லை என்பதால், பெட்டிகளில் பரிசு கொண்டுவரவேண்டாம் என்று அழைப்பிதழில் அடித்திருந்தார்கள். அது றீற்றா அக்காவின் யோசனை. அதன் விளைவை அவ யோசிக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் உறைக்குள் கிஃப்ட் காட் வைத்துக் கொடுத்தார்கள்.

உறைகளைத் திறக்கத் திறக்க, றீற்றா அக்கா புது மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாவாம். அவர் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி, ரப்பர் போட்டு, அவவின் கையில் வைத்துவிட்டு, "நீங்களே பாருங்கோ" என்று சொல்லிப் படுக்கப் போய்விட்டாராம். அந்த மனிதர் உண்மையாகவே திருந்திவிட்டார்.

றீற்றா அக்கா அந்தக் காட்டுகளை வைத்து ஒரு உடுப்புத் தோய்க்கிற மெசின் வாங்கினா. தேவையான சாமான். நல்ல விலை. ஒருவரும் குறை சொல்ல முடியாது. சில நாள் கழித்து எனக்குப் போன் வந்தது. குரலைத் தாழ்த்திக் கதைத்தா.

"பிள்ளை, ஒரு விஷயம். மெசின் வாங்கினதுக்கு ஐஞ்சு டொலர் காட் ஒண்டு வந்திருக்கு."

"நல்லதக்கா."

"மாசம் முடிய முன்னம் பாவிக்கவேணுமாம். விட்டால் வீண்தானே?"

"ஓமக்கா."

"அதுதான், என்ன வாங்கலாம் எண்டு உம்மைக் கேப்பமெண்டு..." குரல் இன்னும் தாழ்ந்தது. "இவருக்குச் சொல்லிப்போடாதேயும்."

இப்போது அவர்கள் லவாலில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கேயே பக்கத்தில் இருவருக்கும் வேலை கிடைத்துவிட்டது. நல்ல செய்தி, சந்தோசம். களஞ்சியத்துக்குப் புதிதாக வந்த பொடியன் காதில் எதையோ செருகிக்கொண்டு சாப்பிடுகிறான். கணக்குக்கு வந்த பிள்ளை தன் மேசையிலேயே சாப்பிட்டுவிடுகிறது. எங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குத் தருவது அரை மணித்தியாலம். முன்பு கதைக்க அது ஒருநாளும் காணாது. இப்போது சாப்பிட்டு முடித்து, கைகழுவி, திரும்பி வந்து இருந்த பிறகும் நிறைய நேரம் மிஞ்சுகிறது.